வெப்சைட் யார் பெயரில் இருக்கிறது?

"சின்னக் கடைக்கு எதற்கு சார் வெப்சைட்? ஃபேஸ்புக் பக்கம் இருக்கிறது, வாட்ஸ்அப் இருக்கிறது, கூகுள் மேப்பில் கடை காட்டுகிறது. போதாதா?" நான் சாஃப்ட்வேர் துறையில் இருக்கிறேன் என்று தெரிந்ததும் கடைக்காரர்கள் கேட்கும் கேள்வி இதுதான். பாதி நியாயமான கேள்வி. மீதிப் பாதியைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன்.

இருபது வருடங்களுக்கு முன்னால் சிறு நிறுவனங்களின் இணையத் தளங்கள் எப்படி இருந்தன என்று பார்க்க வேண்டுமா? ஆர்க்கைவ் டாட் ஆர்க் தளத்தில் வேபேக் மெஷின் என்ற பகுதிக்குப் போய், பழைய முகவரி ஏதாவது ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். நல்ல பொழுதுபோக்கு. ஓடிக்கொண்டே இருக்கும் எழுத்துக்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் கவுன்ட்டர், 800க்கு 600 ரெசல்யூஷனில் பார்க்கவும் என்ற அறிவிப்பு எல்லாம் இருக்கும். நிறுவனத்தின் லட்சியம் என்ன என்று ஒரு பக்கம் முழுக்க இருக்கும். கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்பது மட்டும் இருக்காது. அந்தக் காலத்தில் செலவு செய்து முழுத் தளத்தையும் ஃப்ளாஷில் செய்துகொண்டவர்கள் நிலைமைதான் பரிதாபம். 2020 டிசம்பர் 31 உடன் அடோபி நிறுவனம் ஃப்ளாஷ் பிளேயருக்கு ஆதரவை நிறுத்திவிட்டது. பிரவுசர்களும் அதைக் கைவிட்டன. அந்தத் தளங்கள் இருந்த இடத்தில் வெற்றுக் கட்டம்தான் மிச்சம்.

தமிழில் தளம் வைத்திருந்தவர்களுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. ஆளுக்கொரு ஃபான்ட், ஆளுக்கொரு என்கோடிங். ஃபான்டை டவுன்லோட் செய்தால்தான் படிக்க முடியும். அந்தப் பக்கங்களை இன்று திறந்தால் ஏதோ வேற்றுக்கிரக மொழி போல வரும். யூனிகோட் வந்து இந்தப் பிரச்னை தீர்ந்தது. ஆனாலும் டிடிபி சென்டரில் பழைய ஃபான்டில் அடித்த விலைப்பட்டியலை அப்படியே படமாக மாற்றித் தளத்தில் போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அப்புறம் செல்போன் வந்தது. 2015 ஏப்ரலில், செல்போனில் ஒழுங்காகத் தெரியும் பக்கங்களுக்கு, செல்போனில் தேடும்போது முன்னுரிமை என்று கூகுள் மாற்றியது. 2018 ஜூலையில் குரோம் பிரவுசர், 'எச்டிடிபிஎஸ்' இல்லாத தளங்களுக்கெல்லாம் 'பாதுகாப்பற்றது' என்று முகவரிக்குப் பக்கத்திலேயே எழுதிக் காட்டத் தொடங்கியது. அதற்குத் தேவையான சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு இலவசமாகத் தருகிறது. பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் அதைத் தாமே போட்டுக் கொடுத்துவிடுகின்றன. இதற்கென்று தனியாகக் காசு கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

இந்த மாற்றங்களோடு ஓட முடியாமல் நிறையப் பேர் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் பிசினஸ் என்று குடிபெயர்ந்துவிட்டார்கள். குடிபெயர்ந்தது தவறில்லை. ஆனால் அது வாடகை வீடு, அதுவும் ஒப்பந்தம் எழுதாத வாடகை வீடு என்பது நினைவில் இருக்க வேண்டும். யாஹூவின் ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. ஆர்குட் 2014 செப்டம்பரில் போனது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்து சுமார் ஆறு மணி நேரம் படுத்துக்கொண்டன. வாட்ஸ்அப்பிலேயே ஆர்டர் எடுப்பவர்களுக்கு அது கடையடைப்புதான்.

இவை எல்லாவற்றையும் விடச் சிறு வியாபாரிகளை நேராகத் தொட்டது 2024 மார்ச்சில் நடந்தது. கடை விவரங்களைக் கூகுளில் பதிந்தவர்களுக்கு, அதே விவரங்களை வைத்து ஒரு பக்க வெப்சைட்டை இலவசமாகச் செய்து கொடுக்கும் வசதியைக் கூகுள் வைத்திருந்தது. கடைப் பெயருக்குப் பின்னால் 'பிசினஸ் டாட் சைட்' என்று முகவரி முடியும். பலரும் அதை பில் புக்கிலும் விசிட்டிங் கார்டிலும் அச்சடித்து வைத்திருந்தார்கள். 2024 மார்ச்சில் அந்தத் தளங்கள் அனைத்தையும் கூகுள் நிறுத்தியது. ஜூன் 10 வரை, அந்த முகவரிக்குப் போனால் கூகுளில் உள்ள கடை விவரத்துக்குத் திருப்பி விட்டார்கள். அதற்குப் பிறகு பக்கம் இல்லை என்ற செய்திதான். இலவசமாகக் கொடுத்ததை எடுத்துக்கொண்டார்கள், அவர்களைத் திட்டிப் பயனில்லை. ஆனால் சொந்த டொமைன் பெயரை வாங்கி அந்தப் பக்கத்தோடு இணைத்திருந்தவர்கள், அதே பெயரை வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்றிக்கொண்டு வேலையைத் தொடர முடிந்தது. அச்சடித்த கார்டு வீணாகவில்லை.

அதனால் என் கருத்து இதுதான். தளத்தின் டிசைன் மாறும், டெக்னாலஜி மாறும், நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுப் புதிதாகச் செய்ய வேண்டி வரும். மாறாமல் வைத்துக்கொள்ள முடிகிற ஒரே சொத்து டொமைன் பெயர். டாட் காம், டாட் இன் பெயர்கள் பெரும்பாலும் வருடத்துக்கு இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கின்றன. அது யார் பெயரில், யாருடைய இமெயிலில் பதிவாகியிருக்கிறது என்பதுதான் முக்கியம்.

திருப்பூரில் எனக்குச் சித்தப்பா முறை ஆகும் ஒருவர் சிறிய பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். 2016இல் தெரிந்த பையன் ஒருவர் அவருக்கு வெப்சைட் செய்து கொடுத்தார். டொமைனையும் அவரே தன் கணக்கில், தன் இமெயில் கொடுத்து வாங்கினார். சித்தப்பா வருடா வருடம் பணம் கொடுத்தார், தளம் ஓடியது. பிறகு அந்தப் பையன் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார், நம்பரும் மாறிவிட்டது. டாட் காம் பெயர் காலாவதி ஆகும் முன் ஏறக்குறைய ஒரு மாதம், ஒரு வாரம் இருக்கும்போது ரிஜிஸ்ட்ரார் நினைவூட்டல் அனுப்பியாக வேண்டும் என்பது ஐகேன் விதி. அனுப்பியிருப்பார்கள். யாருக்குப் போயிருக்கும்? அந்தப் பையனின் இமெயிலுக்கு.

டொமைன் போனதும் அதே பெயரில் இருந்த இமெயிலும் போனது. பையர் ஒருவர் போன் செய்து, "மெயில் எல்லாம் திரும்பி வருகிறதே, கம்பெனியை மூடிவிட்டீர்களா?" என்று கேட்டபோதுதான் சித்தப்பாவுக்கே தெரியும். காலாவதியான டாட் காம் பெயரை உடனே யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. ரிஜிஸ்ட்ரார் தரும் சலுகை நாட்கள் 45 வரை இருக்கலாம். அழிக்கப்பட்ட பிறகும் 30 நாட்கள் அபராதம் கட்டி மீட்கலாம். ஆனால் மீட்க வேண்டியவர் கணக்கின் சொந்தக்காரர். ரிஜிஸ்ட்ராருக்குச் சித்தப்பா யாரோ ஒரு மூன்றாம் நபர். எட்டு வருடம் பணம் கட்டியதற்கு அவர் கையில் ஜிபே ரசீதுகள் மட்டும் இருந்தன. கடைசியில் அந்தப் பெயரை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். இப்போது அதில் விளம்பரப் பக்கம் ஓடுகிறது.

வெப்சைட் போனது கூடப் பெரிதில்லை. டொமைனைப் புதிதாக வாங்கியவர், அதே இமெயில் முகவரியைத் தானும் உருவாக்கிக்கொள்ள முடியும். பழைய பையர்கள் அனுப்பும் மெயில் அவருக்குப் போகும். அந்த இமெயிலைக் கொடுத்துத் திறந்த கணக்குகளில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று கிளிக் செய்தால், புதிய பாஸ்வேர்டுக்கான லிங்க்கும் அவருக்கே போகும். சித்தப்பாவும் நானும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து ஒவ்வொரு கணக்காக இமெயிலை மாற்றினோம்.

சரி, பெயர் கையில் இருக்கிறது. தளத்தில் என்ன போடுவது? ஒரு பக்கம் போதும் என்பேன். என்ன விற்கிறீர்கள், என்ன விலை, கடை எங்கே, எப்போது திறந்திருக்கும், எந்த நம்பருக்கு போன் செய்வது, இவ்வளவுதான். ஆனால் எல்லாம் எழுத்தாக இருக்க வேண்டும், யூனிகோட் தமிழில் இருக்க வேண்டும். முன்பு சொன்ன படமாக்கிய விலைப்பட்டியல் இங்கேதான் காலை வாருகிறது. 2024 ஆகஸ்ட் முதல் இந்தியாவிலும் கூகுள், தேடல் முடிவுகளுக்கு மேலேயே ஏஐ தொகுத்த பதிலைக் காட்டுகிறது. சாட்ஜிபிடியிடம் கேட்டுவிட்டுக் கடைக்கு வருபவர்களும் இருக்கிறார்கள். இந்த மெஷின்கள் பல பக்கங்களைப் படித்துத்தான் பதில் சொல்கின்றன. எழுத்தில் உள்ளதை எளிதாகப் படிக்கும். படத்துக்குள் இருப்பதைப் படிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. உங்கள் விலை உங்கள் பக்கத்தில் எழுத்தாக இல்லாவிட்டால், வேறு யாரோ எங்கோ எழுதிய பழைய விலையைச் சொல்லவும் வாய்ப்பு உண்டு.

போட்டோக்களையும் அப்படியே ஏற்றாதீர்கள். செல்போனில் எடுத்த ஒரு படம் நாலைந்து எம்பி இருக்கும். அதைச் சுருக்கி 200 கேபிக்குள் கொண்டு வரலாம், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு.

சொந்தத் தளம் வைத்தால் கூட்டம் தானாக வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கூகுள் மேப்பும் வாட்ஸ்அப்பும்தான் இன்றைக்கு ஆட்களைக் கொண்டு வருகின்றன, அவை இருக்கட்டும். அங்கெல்லாம் வெப்சைட் என்று கேட்கும் இடத்தில் உங்கள் சொந்த முகவரியைக் கொடுங்கள். அச்சடிக்கும் எதிலும் அதையே போடுங்கள்.

ஏற்கெனவே வெப்சைட் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. செய்து கொடுத்தவருக்குப் போன் போட்டு, "டொமைன் எந்த ரிஜிஸ்ட்ராரிடம் இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது, எப்போது காலாவதி ஆகிறது?" என்று கேளுங்கள். உங்கள் பெயரில் தனிக் கணக்கு ஒன்று திறந்து அதற்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். அதே ரிஜிஸ்ட்ராரிடமே கணக்கு மாற்றுவது எளிது. வேறு இடத்துக்குப் போவதென்றால் ஆத் கோடு என்ற ரகசிய எண் வேண்டும். டாட் காம் பெயர்களுக்கு, பதிவுதாரர் கேட்டால் ஐந்து நாட்களுக்குள் ரிஜிஸ்ட்ரார் அதைத் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. கணக்குக்குக் கொடுக்கும் இமெயில் அதே டொமைனில் உள்ளதாக இருக்கக்கூடாது, ஜிமெயில் போல வேறொன்றாக இருக்கட்டும். டொமைன் காலாவதி ஆனால் நினைவூட்டல் மெயிலும் சேர்ந்து நின்றுவிடும் அல்லவா!