கட்டிலில் படுக்காத பிரிகேடியர்

நந்தி கல்யாணத்துக்கு வந்திருந்த பேரனைத் திருச்சியில் ரயிலேற்றப் போனேன். வழியில் மேஜர் சரவணன் நினைவிடத்தைக் காட்டி, 1999 மே 29 அன்று கார்கில் போரில் படாலிக் பகுதியில் உயிர்விட்டவர் என்றேன். "இவருக்கு முன்னாடி யாரு தாத்தா?" என்று கேட்டான். பிரிகேடியர் முகமது உஸ்மானைப் பற்றிச் சொன்னேன்.

1912-ல் ஆஸம்கர் பக்கம் பிறந்தவர். சின்ன வயதில் திக்குவாய். இங்கிலாந்தில் சாண்ட்ஹர்ஸ்டில் பயிற்சி பெற்று பலூச் ரெஜிமெண்டில் அதிகாரி ஆனார். 1947 பிரிவினையில் அந்த ரெஜிமெண்ட் பாகிஸ்தானுக்குப் போயிற்று. 'வந்தால் பெரிய பதவி' என்று ஆசை காட்டினார்கள். அவர் இங்கேயே இருந்துவிட்டார்.

காஷ்மீரில் 50-வது பாரசூட் பிரிகேடின் தலைமை அவருக்கு வந்தது. பெயர்தான் பாரசூட், அங்கே அவர்கள் போரிட்டதெல்லாம் தரையில் நின்றுதான். 1947 டிசம்பரில் ஜங்கர் கைவிட்டுப் போனது. அதை மீட்கும்வரை கட்டிலில் படுப்பதில்லை என்று சபதம் செய்தார். அந்தக் குளிரில் தரையில்தான் படுக்கை. 1948 பிப்ரவரி 6-ல் நௌஷேராவைப் பெரும் தாக்குதலிலிருந்து காத்தார். அவர் தலைக்கு எதிரிகள் 50,000 ரூபாய் விலை வைத்தார்கள். மார்ச் 18-ல் ஜங்கர் மீண்டது. அதன்பிறகே கட்டில்.

அந்தச் சுகமும் நீடிக்கவில்லை. ஜூலை 3 அன்று பீரங்கிக் குண்டு விழுந்து இறந்தார். 36 வயது நிறைய 12 நாள் பாக்கி. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. நேருவும் வந்து அஞ்சலி செலுத்த, டெல்லி ஜாமியா மில்லியா அருகே அடக்கம் செய்தார்கள். மகாவீர் சக்ரா கொடுத்தார்கள்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவன். இவர் பெயரை ஒருநாளும் வகுப்பில் சொன்னதில்லை. பாடப் புத்தகத்தில் இல்லை என்பது வெறும் சாக்கு. பானிபட் யுத்தங்களின் வருஷத்தை மட்டும் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்தேன்.

இன்று டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, யார் இந்த மண்ணுக்குச் சொந்தம், யார் வந்தேறி என்று சுலபமாகத் தீர்ப்புச் சொல்கிறோம். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் எனக்கு உஸ்மான் ஞாபகம்தான். போர்க்களத்தில் சாவது வீரம், சந்தேகமில்லை. ஆனால் அவர் காட்டிய பெரிய வீரம் 1947-லேயே முடிந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். குண்டு எங்கே விழும் என்பது அவர் கையில் இல்லை. எந்தப் பக்கம் நிற்பது என்பது அவர் கையில் இருந்தது.

ஜூலை 3 அன்று உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். வகுப்பில் விட்ட பாடத்தை நான் திண்ணையில் நடத்தத் தொடங்கிவிட்டேன்.