மலைக்குப் போகிறவர்கள் கவனிக்க!

விடுமுறை வந்து விட்டால், மலைக்குப் போக வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வந்து விடுகிறது. நல்ல ஆசைதான்.

இமயமலைக்குப் போகிறவர்கள், கங்கோத்ரியைத் தாண்டிக் கோமுகம் வரை நடக்கிறார்கள். அங்கே மலைபோல் பனி உறைந்து கிடக்கிறது. அது கொஞ்சம் கொஞ்சமாக உருகி ஓடுவதே கங்கையின் தலையூற்று. அந்தப் பனியைக் காப்பதற்காக, நாள் ஒன்றுக்கு 150 பேருக்கு மேல் அங்கே போகக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள்.

"அது கங்கைக்குச் சரி. நமக்குப் பனிமலை ஏது?" என்று ஆத்தூர்க்காரர் கேட்கலாம்.

பனிமலை இல்லை. பொதிகை மலை இருக்கிறது! 6 ஆயிரம் அடிக்கு மேல் உயர்ந்த மலை. தென்மேற்குப் பருவ மழையும் பெய்யும். வடகிழக்குப் பருவ மழையும் பெய்யும். அந்த நீரை அங்குள்ள காடு பஞ்சு போல் உறிஞ்சிக்கொள்கிறது. மழை விட்ட பிறகும் துளித்துளியாக விடுகிறது. இமயத்தில் பனி செய்யும் வேலையை, பொதிகையில் காடு செய்கிறது.

அந்தத் துளிகள் சேர்ந்ததுதான் தாமிரபரணி. சுமார் 128 கிலோ மீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடலில் கலக்கிறது. கடலுக்கு முன்னால் அது பார்க்கும் கடைசி ஊர்களில் ஒன்று ஆத்தூர். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கொடிக்கால்கள் குடிப்பது பொதிகையின் தண்ணீர்!

பாபநாசத்துக்கும், காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கும் ஏராளமான பேர் போகிறார்கள். அணையில் ஏரி போல் நிற்கும் நீரைப் பார்த்து மகிழ்கிறார்கள். ஆனால், பாபநாசத்தில் குளித்து விட்டு, உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுப் போகிறவர்கள் பலர். சோப்பும், பிளாஸ்டிக் பையும் அதோடு சேருகின்றன. பாவம் தொலைக்கப் போன இடத்தில், ஆற்றுக்குப் பாவம் செய்யலாமா?

மலையில் போட்ட குப்பை மலையிலேயே நிற்பதில்லை. கடைமடைக்கு வருகிறது. அங்கே ஒரு தாய் குடத்தோடு காத்திருக்கிறாள்.

1988-ல் களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகம் ஏற்பட்டது. அந்தக் காவல் புலிக்கு மட்டும் அல்ல, தண்ணீருக்கும்தான். வனத்துறையினர் "இதற்கு மேல் போகாதீர்கள்" என்றால், கோபப்படக்கூடாது. அவர்கள் காப்பது நம் வீட்டுக் குடத்தை!

மலைக்குப் போங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். "நாம் குடிக்கும் தண்ணீர் இங்கேதான் பிறக்கிறது" என்று காட்டுங்கள். கொண்டு போன பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள். பிள்ளைகள் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்.