முன்வாசலால் ஒரு நாள்



இந்த இதழில் ஜப்பானின் கோபே நகரத்தைப் பற்றி ஒரு பயணக் கட்டுரை வருகிறது. எழுதியவர் வாடகைக் கார் எதுவும் பிடிக்கவில்லை. மலையடிவாரத்தில் வெளிநாட்டு வணிகர்கள் கட்டிய கித்தானோ வீடுகளில் தொடங்கி, இறக்கத்தோடு இறக்கமாகத் துறைமுகம் வரை நடந்தே பார்த்திருக்கிறார். 1995 நிலநடுக்கத்தில் உடைந்த கப்பல்துறையின் ஒரு துண்டை, சாய்ந்த விளக்குக் கம்பங்களோடு அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள் அங்கே. அந்த இடத்தை அவர் விவரிக்கும் பத்தியை வாசித்து முடித்ததும் எங்கள் அலுவலகத்தில் ஒரு கேள்வி எழுந்தது. கோபேயை விடுங்கள், நம்முடைய மொன்றியல் துறைமுகத்தை நம்மில் எத்தனை பேர் ஆறுதலாக நடந்து பார்த்திருக்கிறோம்?

ஊரிலிருந்து உறவுக்காரர் வந்தால் நயாகராவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம். ரொறன்ரோவில் கோயில், கடை, கலியாண வீடு. லவாலில் இருந்து அரை மணித்தியால மெற்றோத் தூரத்தில் இருக்கிற பழைய மொன்றியல் மட்டும் 'பிறகு பார்க்கலாம்' என்ற பட்டியலிலேயே கிடக்கிறது. அதற்கு ஒரு காரணமும் உண்டு. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் வந்து இறங்கிய நம்மவர் பலருக்கு அந்தப் பகுதி என்றால் உணவகங்களின் பின்கதவுதான். ஒழுங்கைப் பக்கத்தால் உள்ளே போய், கோப்பை கழுவி, கிழங்கு உரித்து, கடைசி மெற்றோவுக்கு ஓடியவர்கள் அவர்கள். அந்தக் கட்டடங்களின் முன்பக்கம் எப்படி இருக்கும் என்று நின்று பார்க்க அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை. அவர்களின் பிள்ளைகள் இப்போது அதே உணவகங்களில் முன்பதிவு செய்து சாப்பிடுகிறார்கள். அப்பாவையும் அம்மாவையும் ஒருநாள் முன்வாசலால் கூட்டிப்போங்கள் என்று சொல்லத்தான் இந்தப் பக்கம்.

லவாலின் மொன்மொறான்சி மெற்றோ நிலையத்தில் ஏறினால் மாறாமல் பிளாஸ் தார்ம் வரை ஒரே ரயில். 2007 ஏப்ரலில்தான் இந்தச் செம்மஞ்சள் பாதை லவாலுக்கு நீண்டது. கார்த்தியே நிலையம் தாண்டியதும் ரயில் ஆற்றுக்கு அடியால் போகிறது. கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது. லவாலே ஒரு தீவு, மொன்றியலும் ஒரு தீவு. தீவிலிருந்து வந்து தீவுக்குள்ளேயே குடியேறியிருக்கிறோம், தண்ணீரை மட்டும் காண்பதில்லை.

பிளாஸ் தார்மில் ஏறி வந்தால் எதிரே நோத்ருதாம் பேராலயம். 1829இல் திறந்தது. கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் ஓடொனல் அயர்லாந்திலிருந்து நியூயோர்க் போன ஒரு புரட்டஸ்தாந்தர். சாகும் தறுவாயில் கத்தோலிக்கராக மாறி, தான் கட்டிய கோயிலுக்குள்ளேயே அடக்கமானார். உள்ளே போகக் கட்டணம் உண்டு. கடும் நீலக் கூரையில் பொன் நட்சத்திரங்களை அண்ணாந்து பார்க்க அந்தக் காசைக் கொடுக்கலாம்.

அங்கிருந்து தண்ணீர்ப் பக்கம் இறங்கினால் புவாந்த்-அ-கல்லியேர் அருங்காட்சியகம். 1642 மே 17இல் பிரெஞ்சுக்காரர் குடியேற்றத்தைத் தொடங்கிய இடத்தின் மேலேயே நிற்கிறது. நிலத்துக்குக் கீழே முதல் குடியேறிகளின் கல்லறை நிலமும் பழைய மதில்களின் அடியும் அப்படியே இருக்கின்றன. 1830களில் கட்டிய கழிவுநீர்ச் சுரங்கம் ஒன்றும் உண்டு. இப்போது வண்ண விளக்குப் போட்டு நடக்க விடுகிறார்கள். பிள்ளைகளுக்குப் பேராலயத்தைவிட இந்தக் கானுக்குள் நடப்பதுதான் பிடிக்கும், சொல்லிவிட்டேன். 1701இல் ஏறக்குறைய 40 முதற்குடி இனங்கள் பிரெஞ்சுக்காரரோடு பேரமைதி ஒப்பந்தம் செய்துகொண்டதும் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். வந்தேறிகள் வருமுன்னரே இது ஆட்கள் கூடும் துறை.

சென் போல் வீதியில் கற்கள் பாவியிருக்கும். குதியுயர்ந்த செருப்பு வேண்டாம். கடைகளில் விலை அதிகம், பார்த்துவிட்டு நடவுங்கள். இடையில் ஜாக் கார்த்தியே சதுக்கத்தில் தூண் உச்சியில் ஒருவர் நிற்பார். அவர் நெல்சன் பிரபு. 1809இல் வைத்த தூண், லண்டன் திரஃபால்கர் சதுக்கத்தில் இருப்பதைவிடப் பழையது. திருகோணமலையை உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகம் என்று நெல்சன் சொன்னதாக ஊரில் படிப்பிக்கும்போது கேட்டிருப்பீர்கள். அதே ஆள்.

இந்த நடையில் நான் அதிக நேரம் நிற்கச் சொல்லும் இடம் வீதியின் கிழக்குக் கோடியில் இருக்கும் நோத்ருதாம் து பொன்செக்கூர் சிற்றாலயம். மாலுமிகளின் கோயில் என்றுதான் அதற்குப் பெயர். இப்போதுள்ள கட்டடம் 1771இல் தொடங்கியது. உள்ளே அண்ணாந்து பார்த்தால் கூரையிலிருந்து சின்னச் சின்னப் பாய்க்கப்பல்கள் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் ஒரு விளக்கு. பாய், பாய்மரம், கயிறு எல்லாம் அளவாகச் செய்து, கரை சேர்ந்ததற்கு நன்றியாகக் கொடுத்தவை. கூரைக்கு மேலே துறைமுகத்தைப் பார்த்தபடி மாதா கைகளை விரித்து நிற்கிறாள். வேளாங்கண்ணியில் புயலுக்குத் தப்பிய போர்த்துக்கேய மாலுமிகளின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இங்கே விளக்கம் எதுவும் தேவைப்படாது. சைவர்களும் வத்தி கொளுத்திக் கும்பிடலாம். சென் ஜோசப் ஆலயத்திலும் றிகோ லூர்து மாதா கோயிலிலும் நாம் செய்யாததா?

அந்தக் கப்பல்களுக்குக் கீழே நிற்கும்போது இரண்டு கதைகள் நினைவுக்கு வராமல் இராது. ஒன்று அன்னபூரணி. வல்வெட்டித்துறையில் நம்மவர் கட்டிய பாய்க்கப்பல். அதை வாங்கிய அமெரிக்கர் ரொபின்சன், 'ஃபுளோரன்ஸ் சி. ரொபின்சன்' என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறைத் தண்டையலும் மாலுமிகளும் அதை ஓட்டிக்கொண்டு 1938 ஓகஸ்டில் மசசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்தில் போய் நங்கூரம் போட்டார்கள். அந்த ஊர் இங்கிருந்து காரில் ஒரு நாளுக்குள் போய்ச் சேரும் தூரம்.

மற்றது 1986 ஓகஸ்ட் 11. மேற்கு ஜேர்மனியிலிருந்து வந்த சரக்குக் கப்பல் ஒன்று நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் இறக்கி விட்டுப் போன 155 தமிழர். மூடுபனிக்குள் மிதந்துகொண்டிருந்தவர்களைக் கண்டவர் கஸ் டோல்ற்றன் என்ற மீன்பிடிக் கப்தான். எங்கிருந்து வந்தார்கள் என்ற உண்மை வெளியே வந்ததும் நாட்டில் பெரிய வாக்குவாதம். என்றாலும் பிரதமர் மல்றோனியின் அரசு அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. ஓராண்டு தங்கி வேலை செய்ய அனுமதி கொடுத்தது. அவர்களில் ஒரு பகுதியினர் வந்து சேர்ந்த ஊர் மொன்றியல்.

கப்பலில் தப்பி வந்தவர்களைக் கண்ட அனுபவம் இந்த ஊருக்கு அதற்கு முன்பே இருந்தது. 1847இல் பஞ்சத்துக்குத் தப்பிய அயர்லாந்துக்காரர் கப்பல் கப்பலாக இங்கே வந்து, தைஃபஸ் காய்ச்சலில் ஏறக்குறைய 6,000 பேர் கரையோரக் கொட்டில்களிலேயே இறந்தார்கள். அவர்களைத் துரத்தச் சொன்னவர்களும் இருந்தார்கள். நேரில் போய்ப் பராமரித்த நகர முதல்வர் ஜோன் ஈஸ்டன் மில்ஸ் அதே காய்ச்சலில் இறந்தார். 1859இல் விக்ரோறியா பாலம் கட்டிய தொழிலாளிகள் ஆற்றிலிருந்து எடுத்த ஒரு பெரிய கருங்கல்லை அந்தப் புதைகுழிகளின் மேல் நிறுத்தினார்கள். அது பாலத்தடியில், வாகனங்களுக்கு நடுவே நிற்கிறது. நடைக்கு எட்டாத தூரம். திரும்பும் வழியில் கார்க்காரர் யாரும் இருந்தால் பாருங்கள்.

சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வாருங்கள். சம்பல் வைத்த பாணும் பிளாஸ்கில் தேத்தண்ணியும் போதும், துறைமுகத்துப் புற்றரையில் இருந்து சாப்பிடலாம். எதிர்க்கரையில் ஹபிற்றா 67 தெரியும். 1967 உலகக் கண்காட்சிக்காக மோஷே சஃப்டி 354 கொங்கிறீற் பெட்டிகளை அடுக்கிக் கட்டிய குடியிருப்பு. காற்றில் உப்பு வாசம் இருக்காது. கடலிலிருந்து ஏறக்குறைய 1,600 கிலோமீற்றர் உள்ளே, நன்னீர் ஆற்றில் இருக்கும் துறைமுகம் இது. முன்பெல்லாம் மாரியில் ஆறு உறைந்தால் கப்பலும் இல்லை. ஆண்டின் முதற்கப்பலைக் கொண்டுவரும் கப்தானுக்கு மரியாதை செய்யும் வழக்கம் 1840இல் தொடங்கியது. இன்றைக்கும் தங்கப் பூண் போட்ட கைத்தடி கொடுக்கிறார்கள். 1964 ஜனவரி 4இல் டென்மார்க்கின் 'ஹெல்கா டான்' பனிக்கட்டியை ஊடறுத்து வந்ததிலிருந்து துறைமுகம் மாரியிலும் மூடுவதில்லை. ஆகவே கைத்தடிப் போட்டி இப்போது புதுவருடப் பிறப்போடு முடிந்துவிடுகிறது. பழைய காலத்துச் சுவாரசியம் போய்விட்டது என்பது என் எண்ணம்.

முழங்கால் இடம் கொடுத்தால் மணிக்கூட்டுக் கோபுரம். முதல் உலகப் போரில் மாண்ட வணிகக் கப்பல் மாலுமிகளின் நினைவாக 1922இல் கட்டி முடித்தது, 192 படி. மேலே போகப் போக ஏணிபோல் ஒடுங்கும். அம்மம்மாமார் கீழே வாங்கிலில் இருக்கட்டும். பெரிய இராட்டினத்தில் ஏறுவதா என்று பிள்ளைகள் கேட்டால், அது உங்கள் பணப்பை விவகாரம், நான் வாய் திறக்கவில்லை.

திரும்பும்போது ஷாம் து மார்ஸ் நிலையத்தால் வாருங்கள். 1968இல் மார்செல் ஃபெறோன் செய்த வண்ணக் கண்ணாடிகள் அங்கே இருக்கின்றன.

இனி ஒரு வேண்டுகோள். 1986 படகுகளில் வந்தவர்களோ, பழைய மொன்றியல் சமையலறைகளில் வேலை செய்தவர்களோ உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களை எழுதச் சொல்லுங்கள். எழுத்துப் பிழை பற்றிக் கவலை வேண்டாம், கையெழுத்தில் தந்தாலும் நாங்கள் தட்டச்சு செய்துகொள்வோம். எழுத விருப்பமில்லாதவர்கள் கதைத்து ஒலிப்பதிவாக அனுப்பலாம். பெயர் போட வேண்டாம் என்றால் போடமாட்டோம். கார்த்திகை இதழில் அவற்றுக்கென்று பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்