பாவாடைப் பட்டாளம்

எருமப்பட்டியில் எங்கள் இல்லத்துத் தகரப் பெட்டியினுள், பழம் பத்திரங்களோடு ஒரு நிழற்படம் கிடக்கின்றது. கூடாரமொன்றின் முன் ஐவர் நிற்கின்றனர். மூவர் வெள்ளையர், தலையில் வெயில் தொப்பியும் இடையில் முழங்காலளவான மடிப்பாடையும் உடையவர். வலப்பக்கத்து ஓரத்தில் நிற்கும் இருவர் நம்மவர். அவருள் ஒருவர் என் அம்மாயியின் பாட்டனார். படத்தின் பின்புறத்தே பென்சிலால் 'பஸ்ரா' என்று எழுதியிருக்கின்றது, வேறொன்றும் இல்லை. "உங்க பெரிய பாட்டன் பாவாடைப் பட்டாளத்துல இருந்தவரு" என்பது அம்மாயி தம் முன்னோர்பாற் கேட்டு எமக்குச் சொல்லிவரும் வரலாறு.

சென்ற ஆண்டில் உறவினர் ஒருவர் இப்படத்தைப் பெரிதாக்கி, கணினியால் வண்ணமும் ஊட்டி, 'பிளாக் வாட்ச் படையில் நம் பாட்டனார், 1917' என்று பொன்னெழுத்தில் பொறித்து, மணவிழாவொன்றிலே வாயிலில் வைத்தார். கண்டோர் அனைவரும் மகிழ்ந்தனர். யான் மகிழ்ந்திலேன். அதன் காரணத்தைக் கூறவே இக்கட்டுரை எழுதப் புகுந்தேன்.

அம்மடிப்பாடை ஸ்காட்லாந்து மலைநாட்டாருக்கு உரியது. கில்ட் என்பது அதன் பெயர். ஏறக்குறைய ஏழு கஜக் கட்டக் கம்பளியை முன்புறம் தட்டையாகவும் பின்புறம் நெருங்கிய மடிப்பாகவும் அமைத்து உடுப்பர். இராசிபுரத்து நெசவாளர் சேலையின் கரையைக் கண்டு தறியைச் சொல்லுதல் போல, கட்டத்தின் நிறமும் கோடும் கண்டு படையைச் சொல்லுதல் கூடும். பிளாக் வாட்ச் படைக்குக் கரும்பச்சை, நீலம், கறுப்பு என்னும் மூன்றே நிறங்கள். கார்டன் படைக்கு அதன்மேல் ஒரு மஞ்சட் கோடு. சீபோர்த் படைக்கு வெள்ளையும் சிவப்புமான கோடுகள். இத்துணையும் அறிந்தபின், உறவினர் காட்டிய வண்ணப்படத்தை நோக்கினேன். மூவர் ஆடையும் செக்கச் செவேலென்று விளங்கின! எழுத்து ஒரு படையைச் சொல்ல, வண்ணம் அப்படை வீரருக்குப் பொதுவில் உரியதல்லாத நிறத்தைச் சொல்லுகின்றது. கணினியின்மேற் குறையில்லை, அஃது அறியாததை அறிந்ததுபோற் பூசிற்று. நம்மவர் அதனை நம்பியதே குறை.

நிற்க, மூலப்படத்தை வைத்தேனும் படையைத் துணியலாமோ எனின், அதுவும் எளிதன்று. அக்காலத்து நிழற்படத் தகடுகளும் சுருள்களும் பெரும்பாலும் செவ்வொளியை உணராதவை. ஆதலின் சிவப்பு கறுப்பாகவும், மஞ்சள் மங்கியும், நீலம் வெளிறியும் வீழும். கார்டன் படையின் மஞ்சட் கோடு பல படங்களிற் புலப்படாமற் போதலும், அவ்வீரனைப் பிளாக் வாட்ச் வீரன் என்று மயங்குதலும் இதனால் நிகழ்வன. மேலும், போர்க்களத்திற் கில்டின்மீது காக்கித் துணியொன்றை முன்றானைபோற் கட்டினர். எங்கள் படத்து மூவரும் அவ்வாறே கட்டியுள்ளனர். கட்டத்தில் ஒரு விரற்கடை அகலமே தெரிகின்றது.

இடையின் முன்னே தொங்கும் மயிர்ப்பையும் ஓர் அடையாளமாம். வெண்மயிரில் ஐந்து கருங்குஞ்சம் பிளாக் வாட்சுக்கும், நீண்ட இரு கருங்குஞ்சம் சீபோர்த்துக்கும் உரியன. ஆயினும் அணிவகுப்புக்கு உரிய அப்பையைக் களத்தில் அணியார். ஆகவே இப்படத்திற்கு அஃது உதவாது. எஞ்சியது தொப்பியே. பிளாக் வாட்ச் வீரர் தொப்பியின் பக்கத்திற் செஞ்சிறகுக் குஞ்சம் செருகுவர். எங்கள் படத்தில் நடுவில் நிற்பவர் தொப்பியில் ஏதோ கறுத்த ஒன்று தெரிகின்றது. மேலே கூறியபடி சிவப்பு கறுப்பாக வீழுமாதலால், அது செங்குஞ்சமாக இருத்தல் கூடும். அவ்விடத்திலேயே படம் மடிந்து வெடித்திருப்பதால் நிழலாக இருத்தலும் கூடும்.

வரலாறும் இம்மயக்கத்தை மிகுவிக்கின்றது. பிளாக் வாட்சின் இரண்டாம் பட்டாளமும் சீபோர்த்தின் முதற் பட்டாளமும் பிரான்சிலிருந்து மெசப்பொட்டேமியாவுக்கு வந்து, 1916-இன் தொடக்கத்தில், கூட் நகரை மீட்கும் முயற்சியில் பெருஞ்சேதமுற்றன. எஞ்சியோரைச் சேர்த்துச் சில மாதகாலம் ஒரே பட்டாளமாக நடத்தினர். எனவே தோளோடு தோள் நிற்கும் மூவரும் ஒரே படையினர் என்று கொள்ளவும் இடமில்லை.

இனி, நம் பாட்டனார் எப்படையினர்? ஸ்காட்டியப் படையினர் அல்லர் என்பது மட்டும் திண்ணம். அக்காலத்து இந்தியச் சேனையின் ஒவ்வொரு பிரிகேடிலும் பெரும்பாலும் ஒரு பிரிட்டிஷ் பட்டாளமும் மூன்று இந்தியப் பட்டாளங்களும் இருந்தன. இவற்றோடு சுரங்கப் படையினர், சுமையாளர், தொழிற்படையினர், தண்ணீர் சுமப்போர் எனப் பலர் சென்றனர். பாவாடைப் பட்டாளத்தின் அருகில் இருந்தவர் நாளடைவில் பாவாடைப் பட்டாளத்திலேயே இருந்தவராயினார் போலும். படத்தில் அவர்மேற் பட்டையுமில்லை, துப்பாக்கியுமில்லை. கையில் ஒரு கயிற்றுச் சுருள் உள்ளது. தொழிற்படையினராக இருந்திருக்கலாம் என்பது என் கருத்து. கருத்து என்றே சொல்லுகின்றேன்; பொன்னெழுத்திற் பொறிக்கத் துணியேன்.

"எழுதினால் என்ன கேடு? குடும்பத்துக்குப் பெருமைதானே?" என்று கேட்டார் உறவினர். தமிழ் பயில்வோனாகிய யான் அவருக்கு விடையாக ஏட்டுச்சுவடியைச் சொன்னேன். 1894-இற் புறநானூற்றை அச்சிட்ட உ. வே. சாமிநாதையர், ஏடு சிதைந்த இடங்களைப் புள்ளியிட்டுக் காட்டினாரேயன்றித் தம் சொல்லால் நிரப்பினாரல்லர். நிரப்பும் புலமை அவருக்கில்லையா? படத்தின் அடியில் எழுதும் ஒரு வரியும் பதிப்பேயாம். போரிற் பனம்பூவும் வேம்பும் ஆத்தியும் சூடி இன்னார் படை என்று அறியச் செய்த மரபினராகிய நாம், அடையாளத்தைப் பிழைபடச் சூட்டுதலைச் சிறு குற்றமாகக் கருதலாமோ?

இதனினும் என்னை வருத்துவது வேறொன்று. ஸ்காட்டிய வீரனின் குஞ்சம் ஐந்தா இரண்டா என்று எண்ணிச் சொல்ல நூல்கள் உள்ளன. அருகில் நிற்கும் சுமையாளனைப் பற்றி எண்ண ஒன்றுமில்லை. பஸ்ராவில் எழுப்பிய நினைவுச் சின்னத்தில், கல்லறை அறியப்படாது மாண்ட பிரிட்டிஷ் வீரர் பெயர்களும் இந்திய அதிகாரிகள் பெயர்களும் பொறிக்கப்பட்டன. ஏனை இந்தியர் படைக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கையால் மட்டுமே குறிக்கப்பட்டனர். இவ்வேற்றத்தாழ்வைக் காமன்வெல்த் போர்க் கல்லறைக் கழகம் 2021-இல் தன் அறிக்கையால் ஒப்புக்கொண்டது. நம் முன்னோருக்கு ஸ்காட்டியர் பெயரைச் சூட்டும்பொழுது, அக்கல்லிற் செய்த பிழையை நாமே நம் வீட்டுச் சுவரிலும் செய்கின்றோம். சுமை தூக்கினார் என்று எழுதுதல் நமக்கு நாணமாக இருக்கின்றது. அவருக்கு அது நாணமாக இருந்ததென்று அம்மாயி ஒருநாளும் சொன்னதில்லை.

வியப்பொன்றும் உண்டு. அவ்வைவருள் இன்று பெயர் தெரிந்தவர் எங்கள் பாட்டனார் ஒருவரே. எனவே உறவினருக்கு யான் எழுதியனுப்பிய வாசகம் இது: 'பஸ்ரா, முதல் உலகப்போர்க் காலமாகலாம். வலமிருந்து இரண்டாமவர் நம் பாட்டனார். மூவர் ஸ்காட்டிய வீரர், படை துணிதற்கில்லை. வலக்கோடியில் நிற்பவர் நம்மவர், பெயர் தெரியவில்லை.'

"கோடியில் யாரப்பா?" என்று அவர் தொலைபேசியிற் கேட்டார். சட்டத்துக்குள் அடங்கவில்லையென்று ஸ்டூடியோக்காரர் அவ்வோரத்தை வெட்டிவிட்டார். பெரிதாக்கிய படத்தில் இருப்போர் நால்வரே. கோடியில் நிற்பவரின் கை மட்டும் எங்கள் பாட்டனார் தோளின்மேல் இருக்கின்றது.