தர்மம் எங்கே தொடங்குகிறது?



"சாரிட்டி பிகின்ஸ் அட் ஹோம்" என்னும் ஆங்கிலப் பழமொழியை நீங்கள் அலுவலகத்திலும் பிள்ளைகளின் பாடப்புத்தகத்திலும் சந்தித்திருப்பீர்கள். தர்மம் வீட்டிலே தொடங்குகிறது என்பது அதன் பொருள். இதை வேதவசனம் என்றே எண்ணுகிறவர்கள் உண்டு. வேதாகமத்தில் அப்படியொரு வசனம் இல்லை. ஆனால் அதன் கருத்துக்கு வேத ஆதாரம் உண்டு. விதவையான தாயையோ பாட்டியையோ பராமரிப்பது முதலாவது அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகளின் கடமை என்று 1 தீமோத்தேயு 5:4-இல் பவுல் போதிக்கிறார்.

"சாரிட்டி" என்ற சொல் இன்று ஏழைகளுக்குச் செய்யும் உதவியைக் குறிக்கிறது. 1611-இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்திலோ, 1 கொரிந்தியர் 13-இல் நாம் "அன்பு" என்று வாசிக்கும் இடங்களில் இச்சொல்லே நிற்கிறது. 1881-இல் வந்த திருத்திய மொழிபெயர்ப்பு அதை "லவ்" என்று மாற்றிற்று. அந்தப் பழைய பொருளில் வாசித்தால், அன்பு வீட்டிலே தொடங்குகிறது என்றாகும்.

இப்பழமொழியைச் சிலர் கேடயமாகப் பிடிக்கிறார்கள். வெள்ள நிவாரணத்துக்கு உதவி கேட்டால், "முதலில் என் வீடு" என்று சொல்லி விலகுகிறார்கள். தர்மம் வீட்டிலே தொடங்குகிறது என்றுதான் பழமொழி சொல்லுகிறது. அங்கேயே முடிகிறது என்று சொல்லவில்லை. கலாத்தியர் 6:10 நம் கையை யாவருக்கும் திறக்கச் சொல்லுகிறது.

வேறு சிலரோ தொடக்கத்தையே விட்டுவிடுகிறார்கள். மும்பையிலோ பெங்களூரிலோ சபையில் தாராளமாய்க் கொடுக்கிறார்கள். ஊரிலே வயதான தாயார் மருந்து வாங்க அயலாரிடம் கடன் கேட்கிறார்கள். மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் "கொர்பான்" என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கடிந்துகொண்டார் என்று வாசித்துப் பாருங்கள். காணிக்கையைப் பெற்றுக்கொள்ளும் இடத்தில் நிற்கிற போதகனாகவே சொல்லுகிறேன்: உங்கள் தாயின் மருந்துக்கான பணத்தைக் காணிக்கைப் பெட்டியில் போடாதிருங்கள். அது தேவன் விரும்பும் காணிக்கை அல்ல.

இந்த மாதச் சம்பளம் வந்ததும் ஊருக்கு அனுப்பவேண்டியதை முதலில் அனுப்புங்கள். தொலைபேசியில் அழைத்து, "அம்மா, மருந்து இருக்கிறதா?" என்று விசாரியுங்கள். பிறகு மனமகிழ்ச்சியோடு ஆலயத்தில் கொடுங்கள். தெருவில் தேவையுள்ளவனுக்கும் கொடுங்கள். இவற்றை உங்கள் பிள்ளைகள் பார்க்கட்டும். நாளை நீங்கள் முதிர்வயதாகும்போது, கொடுப்பது எங்கே தொடங்குகிறது என்பதை அவர்களுக்கு ஒருவரும் விளக்கவேண்டியிராது.

கர்த்தர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.