லெப்டொப் வாங்கப் போகுமுன் மகன் செய்ததை ஒருமுறை கேளுங்கள்



போன கிழமை அஸருக்குப் பிறகு ஒரு வாப்பா வீட்டுக்கு வந்தார். முச்சக்கர வண்டி ஓட்டுபவர். மகன் ஓ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறான்.

"சேர், மகன் மியூசிக் செய்ய லெப்டொப் கேக்கிறான். கடையில ஒண்டு பாத்து வெச்சிருக்கோம். மூணு லட்சத்துப் பத்தாயிரம். உம்மாட வளையல் ரெண்டையும் ஈடு வெச்சா சரியாகும். வாங்கலாமா?"

கடையில் எழுதிக் கொடுத்த துண்டையும் காட்டினார். கேமிங் லெப்டொப். தனி கிராபிக்ஸ் கார்ட், கீபோர்டில் கலர் கலராக லைட். ரெம் மட்டும் 8 ஜீபி.

"மகன் இதுவரைக்கும் என்ன செய்திருக்கிறான்? நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?" என்றேன்.

"இல்ல சேர்."

அந்த "இல்ல சேர்" பற்றித்தான் இந்தப் பதிவு.

நமதூரில் இந்த விடயத்தில் இரண்டு வகைப் பெற்றோரைப் பார்க்கிறேன். ஒரு வகை, மியூசிக் என்ற சொல்லைக் கேட்டவுடன் வாயை மூடச் சொல்லும். மற்ற வகை, பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்திருப்பதைத் தாங்க முடியாமல் கடையில் கூடிய விலைக்கு இருப்பதை வாங்கிக் கொடுக்கும். இரண்டு வகையும் செய்யாத வேலை ஒன்றுதான்: பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து அவன் செய்ததைக் கேட்பது.

இசை பற்றி மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் இல்லை. உங்களுக்கு நம்பிக்கையான ஆலிமிடம் கேளுங்கள். ஆனால் மகன் என்ன செய்கிறான் என்றே தெரியாமல், எந்தக் கேள்வியை அவரிடம் கொண்டு போவீர்கள்?

மகனையும் கூட்டி வரச் சொன்னேன். மஃரிபுக்குப் பிறகு வந்தான். போனில் இலவச ஆப் ஒன்றில் செய்ததைப் போட்டுக் காட்டினான். நபியவர்களைப் பற்றி அவனே எழுதிய ஒரு நஷீத். நான்கு குரல் கேட்டது, நான்கும் அவனுடையதுதான். அடியில் மாமாவின் றபான். நடுவில் வீட்டு ஃபேன் சத்தமும் ஒரு காகமும்! வாப்பா ஒன்றும் பேசவில்லை. "இன்னொருக்காப் போடு" என்று மட்டும் சொன்னார்.

இப்போது லெப்டொப் கதைக்கு வருவோம். இந்த வேலைக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று தெரிந்தால் வளையல் தப்பும்.

முதலாவது, கிராபிக்ஸ் கார்ட். கேமுக்கும் வீடியோவுக்கும் அது உதவும். ஒலி வேலையில் கணக்குப் போடுவது புரோசசர்தான். அந்த விலையில் பெரிய பங்கு இவனுக்குப் பயன்படாத பொருளுக்குப் போகிறது. பயன்படும் ரெம்மில் கைவைத்து விட்டார்கள். 16 ஜீபி வேண்டும், அல்லது பிறகு கூட்டிப் போட இடம் இருக்க வேண்டும். சில மொடல்களில் ரெம் போர்டிலேயே ஒட்டியிருக்கும், மாற்ற முடியாது. கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, "ஐ 7" என்ற ஸ்டிக்கர். பழைய 7ஆம் தலைமுறை ஐ 7-7500யூ வில் இருப்பது 2 கோர். அடுத்த தலைமுறை ஐ 5-8250யூ வில் 4 கோர். பெயரில் பெரியது வேலையில் சிறியது. இன்னொன்று, விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்து விட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் பொதுவாக 8ஆம் தலைமுறையில் இருந்துதான். செகண்ட்ஹேண்ட் வாங்குபவர்கள் அதற்குக் கீழே போகாதீர்கள்.

மூன்றாவது, இடம். நல்ல தரத்தில் (48,000 ஹேர்ட்ஸ், 24 பிட்) ஒரு குரலை ஒரு நிமிடம் பதிந்தால் சுமார் 8.6 எம்பி. 5 நிமிடப் பாடலில் 20 ட்ரெக் என்றால் ஏறத்தாழ 860 எம்பி. 512 ஜீபி எஸ்.எஸ்.டி. தாராளம்.

நான்காவது, தாமதம். பாடும்போது தன் குரல் ஹெட்போனில் உடனே திரும்பி வர வேண்டும். சொஃப்ட்வெயாரில் பஃபர் 128 என்று வைத்தால் அதனால் வரும் தாமதம் ஒரு பக்கத்துக்கு 3 மில்லி செக்கனுக்கும் குறைவு. 1024 என்றால் 21 மில்லி செக்கன், பாடுபவனுக்குத் தாளம் தட்டுப்படும். குறைந்த பஃபரில் திணறும் லெப்டொப் கிரீச் கிரீச் என்று சத்தம் போடும். லேட்டன்சிமொன் என்ற இலவச மென்பொருளைக் கடையிலேயே பத்து நிமிடம் ஓட விட்டுப் பாருங்கள். புளூடூத் ஹெட்போன் இந்த வேலைக்கு ஆகாது, வயர் உள்ளதுதான் வேண்டும்.

ஐந்தாவது, லெப்டொப்பின் ஃபேன். நமது வெக்கையில் கேமிங் லெப்டொப் இரைகிற இரைச்சலை மைக் அப்படியே பிடிக்கும். காகத்தோடு இன்னொரு சத்தம் கூடும், அவ்வளவுதான்.

என் அபிப்பிராயம் இதுதான். அலுவலகங்களில் பாவித்த நல்ல தரமான லெப்டொப் ஒன்று, மீதிக் காசில் ஒரு மைக், சின்ன ஓடியோ இன்டர்பேஸ், வயர் ஹெட்போன். மைக்கில் பதியாத தெளிவை எந்த லெப்டொப்பும் பிறகு தராது. எல்லாக் காசையும் ஒரு பெட்டியில் போட்டால் அவன் மறுபடியும் போன் மைக்கில்தான் பாடுவான்.

இன்னும் ஒன்று. சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். மியூசிக் கூடுமா கூடாதா என்று இரவு முழுக்கக் கதைக்கிறோம். வளையலை ஈடு வைத்தால் கட்டப் போவது வட்டி, அதைப் பற்றி அந்த வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. காசு கொடுக்க வேண்டிய மென்பொருளைக் கிரெக் பண்ணிப் போடுவது அடுத்தவர் ஹக். அதையும் நாம் கேட்பதில்லை. கிரெக்கோடு வைரஸும் வரும். ரீப்பர் என்ற மென்பொருளை 60 நாள் முழுமையாக இலவசமாகப் பாவித்துப் பார்க்கலாம், பிறகு தனிநபர் உரிமம் 60 டொலர். வெறும் குரல் பதிவுக்கு ஒடாசிட்டி இலவசம்.

2022 தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் அந்த மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. அன்றிலிருந்து வெளிநாட்டுப் பொருள் எதை வாங்குவதும் ஒரு வீட்டின் நகையோடு சம்பந்தப்பட்ட விடயம். கடையில் தவறான லெப்டொப்பைத் தெரிவு செய்வதைச் சின்னப் பிழை என்று நான் நினைக்கவில்லை.

நாங்கள் எடுத்த முடிவைச் சொல்கிறேன். இப்போதைக்கு ஒன்றும் வாங்கவில்லை. என் பழைய லெப்டொப்பை அவனிடம் கொடுத்திருக்கிறேன். ரீப்பர் போட்டாயிற்று. 60 நாளில் மூன்று பதிவை முழுதாக முடித்துக் காட்ட வேண்டும். முடித்தால் வாப்பாவும் நானும் அவனோடு கடைக்குப் போவோம். முடிக்காவிட்டால் உம்மாவின் வளையல் கையிலேயே இருக்கும், மகனும் தன்னைப் பற்றி ஒன்று அறிந்திருப்பான்.

மகன், மகள் யார் கேட்டாலும் இதே முறையைச் செய்து பாருங்கள். 2020இல் ஒன்லைன் வகுப்புக்கு வாங்கிய லெப்டொப் எத்தனை வீட்டு அலுமாரியில் தூங்குகிறது! சும்மா கிடந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு மாதம் இரவல் கொடுங்கள். கொடுக்க விருப்பமானவர்கள் கீழே சொல்லுங்கள், கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

அதற்கு முன்னால், இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு ஐந்து நிமிடம் அவன் செய்ததைக் கேளுங்கள்.