நம்ம வெயிலுக்கு ஹஸ்கி எதற்கு?

குமாரபாளையத்துத் தறிக்கார வீடுகளிலும் இப்போது சைபீரியன் ஹஸ்கி! பனியில் வண்டி இழுத்த இனத்தைச் சித்திரை வெயிலில் கட்டிவைப்பது என்ன பாசம்?

"பசங்களோட ஓடியாட ஒரு நாய் வேணும்" என்கிறார்கள். முயல் விரட்டிய சிப்பிப்பாறை இருக்கிறதே! குட்டை ரோமம், நம்ம வெயிலுக்குப் பழகியது. ராஜபாளையத்துக்கு 2005-லேயே தபால் தலை போட்டாயிற்று. நமக்குத்தான் மதிப்புத் தெரியவில்லை. (வாங்கும்போது குட்டியின் பின்னாலிருந்து கைதட்டிப் பாருங்கள். அந்த வெள்ளை இனத்தில் காது கேளாத குட்டிகள் உண்டு.)

இதையும் சங்கிலியில்தான் போடுவீர்கள் என்றால் வாங்கவே வேண்டாம். தினமும் விடிகாலையில் காவிரிக்கரைக்குக் கூட்டிப்போய் ஓடவிட வீட்டில் யார் எழுந்திருப்பார்கள்? மகனா, பேரனா? கடைசியில் தாத்தாதான் என்றால், தெருவில் திரியும் நாட்டுக்குட்டி ஒன்று போதும்.